பங்கு கேட்டால் பலன் எதிர்பார்த்ததாகுமா?

கேள்வி: எனக்கு 51 வயது. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். மாமியார் பக்கவாதம் வந்து படுத்து 6 வருடமாகிறது. வலது கை கால் விளங்கவில்லை, பேச்சும் குழறல்தான். குளிப்பாட்டுவது, டயப்பர் மாற்றுவது, சாதத்தை மிக்ஸியில் அடித்து ஊட்டுவது, ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் எழுந்து புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான்தான். மூத்தார் சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு தடவை ஓரகத்தியோடு காரில் வந்து, ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டுச் சாயந்திரமே கிளம்பிவிடுவார். அவரைப் பார்த்ததும் மாமியார் முகத்தில் வரும் சிரிப்பு இந்த 6 வருடத்தில் எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

செலவு தாங்கவில்லை. பாதியாவது கொடுக்கச் சொல்லுங்கள் என்று கணவரிடம் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்ன மாமனார், "கடமையைச் செய், பலனை எதிர்பார்க்காதே என்று பகவானே சொல்லியிருக்கிறார். காசு கேட்டால் இத்தனை வருஷம் சேர்த்த புண்ணியமும் போய்விடும்" என்றார். கணவரும் தலையாட்டினார். அன்றைக்கு எனக்கு அடங்காத கோபம். கோபத்தோடு செய்தால் சேவை வீண்தானே? இப்போதெல்லாம் கோபம்கூட வருவதில்லை. எது நடந்தாலும் மனசில் ஒன்றும் தோன்றுவதில்லை. இதுதான் பற்றற்ற நிலையா? மகளுக்குக் கோயம்புத்தூரில் ஐப்பசியில் பிரசவம். "நீ இங்கே வந்து ஒரு மாசம் இரும்மா" என்கிறாள். போனால் கடமை தவறியதாகுமா?

பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சின்ன மாமனார் சொன்ன வாக்கியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அதை யார், யாரைப் பார்த்து, எந்த நேரத்தில் சொன்னார் என்பதில்தான் சண்டை. குடும்பநல ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இந்த வாக்கியத்தை அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலும் அது மேலேயிருந்து கீழே இறங்கி வருகிறது. பள்ளி நிர்வாகம் ஆசிரியைக்குச் சொல்லும். மருத்துவமனை நர்ஸுக்குச் சொல்லும். வீடு மருமகளுக்குச் சொல்லும். வட்டிக்குக் கொடுத்தவர் இதைத் தனக்கே சொல்லிக்கொண்டு வட்டியை விட்டுவிட்டதாக இதுவரை நான் கேள்விப்படவில்லை.

கீதையில் இந்த வாக்கியம் இரண்டாம் அத்தியாயத்தின் 47-ஆவது சுலோகம். நான்கு பாதம் உள்ளது. செயலில்தான் உனக்கு உரிமை. அதன் பலன்களில் ஒருபோதும் இல்லை. பலனுக்காகவே செய்கிறவனாக ஆகிவிடாதே. செய்யாமல் இருப்பதிலும் உனக்குப் பிடிப்பு வேண்டாம். காலண்டரில் ஏறும்போது முதல் மூன்றும் சுருங்கி ஒரு வரியாகிவிடும், நான்காவது காணாமலே போய்விடும். அந்த நான்காவது பாதத்தை உங்கள் வீட்டில் யாருக்குப் படித்துக் காட்ட வேண்டும்? ராத்திரியில் எழுந்து புரட்டிப் படுக்க வைக்கிறவருக்கா, ஆப்பிளை வைத்துவிட்டுக் காரேறுகிறவருக்கா? பக்கத்தில் உட்கார்ந்து சுலோகம் சொல்கிறவருக்கும் அதில் கொஞ்சம் இருக்கிறது.

(காலண்டர் என்றதும் இன்னொன்று. கடைகளில் கண்ணன் படத்தோடு "எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது" என்று ஒரு கீதாசாரம் தொங்குமே, அந்த வரிகள் கீதையின் 700 சுலோகங்களில் எங்கும் இல்லை. ஆறுதலான வரிகள்தான். ஆனால் நாளைக்கு அதையும் யாராவது உங்களிடம் பகவான் வாக்காகக் கொண்டு வந்தால் தெரிந்திருக்கட்டும்.)

அந்த உபதேசம் எப்படி ஆரம்பித்தது என்றும் பாருங்கள். "நான் உன் சீடன், உன்னைச் சரணடைந்தேன், எனக்குச் சொல்" என்று அர்ஜுனன் வாய்விட்டுக் கேட்கிறான். அதற்குப் பிறகுதான் கண்ணன் உபதேசத்தைத் தொடங்குகிறான். பதினெட்டாம் அத்தியாயம் வரை அத்தனையும் பேசிவிட்டு, "இதை முழுக்க யோசித்துப் பார், பிறகு உன் விருப்பம் எப்படியோ அப்படிச் செய்" என்கிறான். கேட்டவனுக்குச் சொன்னது, அதையும் அவன் முடிவுக்கே விட்டது. நீங்கள் சின்ன மாமனாரிடம் உபதேசம் கேட்கவில்லை. கணவரிடம் செலவுக்கு வழி கேட்டீர்கள்.

அடுத்தது முக்கியமானது. அந்தப் போர் எதற்காக? பங்குக்காக. பாண்டவர்களுக்குச் சேர வேண்டிய பாகத்தைத் துரியோதனன் தர மறுத்தான். அதைக் கேட்டு வாங்கத் தூது போனவன் யார்? பலனை எதிர்பாராதே என்று சொன்ன அதே கண்ணன்தான். பாதி ராஜ்யம் இல்லாவிட்டாலும் ஐந்து ஊராவது கொடு என்கிற அளவுக்கு இறங்கிப் பேசிப் பார்த்தார்கள். ஊசிமுனை நிலம்கூடத் தரமாட்டேன் என்றான் துரியோதனன். "பஞ்சவர்க்குத் தூது நடந்தானை ஏத்தாத நாவென்ன நாவே" என்று சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் பாடுவது இந்தக் கண்ணனைத்தான். காஞ்சிபுரத்துத் திருப்பாடகத்தில் அவர் பாண்டவ தூதப் பெருமாளாக உட்கார்ந்திருக்கிறார். அடுத்தவருக்காகப் பங்கு கேட்டு நடந்ததற்கு ஒரு கோயிலே இருக்கிறபோது, மூத்தாரிடம் மாதச் செலவில் பாதி கேட்பது எந்தச் சாஸ்திரத்தில் குற்றம்?

போர்க்களத்திலும் கண்ணன் பலனைப் பற்றிப் பேசாமல் இல்லை. "செத்தால் சொர்க்கம், ஜெயித்தால் இந்தப் பூமியை அனுபவிப்பாய்" என்று அதே இரண்டாம் அத்தியாயத்தில் 37-ஆவது சுலோகம், நம் 47-க்குப் பத்தே சுலோகம் முன்னால். பதினொன்றாம் அத்தியாயத்தில் "எழுந்திரு, புகழைப் பெறு, பகைவரை வென்று செழிப்பான ராஜ்யத்தை அனுபவி" என்று மறுபடியும். பலனே வரக்கூடாது, வந்தாலும் தொடக்கூடாது என்பது அவன் கருத்தாக இருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டான்.

அப்படியென்றால் 47-ஆவது சுலோகத்துக்கு உங்கள் வீட்டில் வேலையே இல்லையா? இருக்கிறது. அதை வைக்க வேண்டிய இடம் வேறு. மூத்தாரிடம் பங்கு கேட்பது செயல். அது உங்கள் கையில் இருக்கிறது, அதைச் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. கேட்ட பிறகு அவர் கொடுப்பதும், பாதி கொடுப்பதும், "இதோ பார்க்கிறேன்" என்று இழுப்பதும் பலன். அது உங்கள் கையில் இல்லை. கேட்பதற்கு முன்னாலேயே "பலனை எதிர்பார்க்காதே" என்று தடுக்கிறவர் பலனைத் தடுக்கவில்லை, செயலையே தடுக்கிறார்.

இதைத் தமிழில் இன்னும் அழகாகச் சொன்ன இடம் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. திருவீழிமிழலை. அப்பரும் சம்பந்தரும் அங்கே தங்கியிருந்த காலத்தில் பஞ்சம் வந்தது. அடியார்களுக்குச் சோறு போட வழியில்லை. பஞ்சம் தீரும்வரை ஆளுக்குத் தினம் ஒரு பொற்காசு கோயில் பீடத்தில் வைக்கிறேன் என்று இறைவன் கனவில் வந்து சொன்னதாகப் பெரியபுராணம் சொல்கிறது. காசும் வந்தது. இருவர் மடத்திலும் அடுப்பெரிந்தது. ஆனால் அப்பர் மடத்தில் சீக்கிரம் பந்தி முடிந்துவிடும், சம்பந்தர் மடத்தில் தாமதமாகும். என்ன காரணம் என்று சம்பந்தர் விசாரித்தார். உங்களுக்குக் கிடைக்கிற காசுக்குக் கடையில் வாசி கேட்கிறார்கள், அதாவது மாற்றும்போது கழிவு பிடிக்கிறார்கள், அதனால்தான் பொருள் வாங்கிவர நேரமாகிறது என்றார்கள். அப்பர் காசுக்கு மட்டும் வாசி கிடையாது. ஏனென்றால் அவர் உழவாரப் படையைத் தூக்கிக்கொண்டு கோயில் பிராகாரத்தில் புல் செதுக்குகிறவர், உடம்பால் உழைக்கிறவர். சேக்கிழார் சொல்கிற காரணம் இதுதான், கைத்தொண்டு.

சம்பந்தர் என்ன செய்தார்? கடவுள் கொடுத்ததாயிற்றே, எவ்வளவு கிடைத்தாலும் சரி என்று இருந்தாரா? மறுநாள் சன்னதியில் போய் நின்று பாடினார்:

வாசி தீரவே, காசு நல்குவீர்
மாசின் மிழலையீர், ஏசல் இல்லையே.

கழிவில்லாத காசாகக் கொடுங்கள், அதில் பழி ஒன்றுமில்லை என்று கடவுளிடமே கேட்டுவிட்டார். கேட்டது தனக்காக இல்லை, பந்தியில் காத்திருந்த அடியார்களுக்காக. அதனால் கேட்காமல் விட்டிருக்க வேண்டும் என்று எந்த ஆதீனமும் சொல்லவில்லை. முதல் திருமுறையில் வைத்து ஓதுவார்கள் இன்றைக்கும் பாடுகிறார்கள். உங்கள் மாமியாருக்கு வேண்டிய டயப்பரும் மருந்தும் வாட்டர் பெட்டும் அந்தப் பந்தி போலத்தான். காசு குறைந்தால் தாமதமாவது அவருக்குத்தான். இந்தக் கதையில் எனக்கு இன்னொன்றும் பிடிக்கும். பாட்டுப் பாடுகிறவர் காசைவிடப் புல் செதுக்குகிறவர் காசுக்குக் கடவுள் கூடுதல் மதிப்பு வைத்திருந்தார். உங்கள் வீட்டில் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

அப்பர் பெயர் வந்துவிட்டதால் அவர் வாக்கையும் சொல்லிவிடுகிறேன். "என் கடன் பணி செய்து கிடப்பதே." இதுவும் சின்ன மாமனார்களுக்குப் பிடித்த வரி. ஆனால் அதற்கு முந்தின வரி "தன் கடன் அடியேனையும் தாங்குதல்". உன்னைத் தாங்குவது இறைவன் கடன், பணி செய்வது உன் கடன். கடம்பூர்ப் பதிகத்தில் இரண்டு கடனும் சேர்ந்தேதான் வருகின்றன. பணி செய்கிறவரைத் தாங்க வேண்டிய பொறுப்பு இன்னொரு பக்கத்தில் இருக்கிறது என்பதை வசதியாக மறந்துவிட்டு ஒரு கடனை மட்டும் வசூல் செய்கிறார்கள். இப்படிப் பணி செய்து கிடந்த அதே அப்பர்தான், பல்லவ மன்னன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது "நாமார்க்கும் குடியல்லோம், நமனை அஞ்சோம்" என்று சொல்லிப் போக மறுத்தவர். தொண்டு செய்கிறவர்கள் வாய் பேசக்கூடாது என்று யாராவது சொன்னால் இந்தப் பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

நவீன காலத்திலிருந்து ஒரே ஒரு சாட்சி. காந்தி 1929-இல் கௌசானியில் தங்கியிருந்தபோது தன் கீதை மொழிபெயர்ப்புக்கு முன்னுரை எழுதினார். அநாசக்தி, அதாவது பற்றின்மைதான் கீதையின் நடு நாடி என்பது அவர் வாதம். ஆனால் பலனைத் துறப்பது என்றால் விளைவைப் பற்றிக் கவலையில்லாமல் இருப்பதில்லை. என்ன விளையும், அதற்கு வழி என்ன, தன் சக்தி எவ்வளவு என்று தெரிந்துகொண்டே செய்ய வேண்டும் என்றும் அதிலேயே எழுதினார். 1918-இல் அகமதாபாத் மில் தொழிலாளர்களுக்கு 35 சதவீதக் கூலி உயர்வு வேண்டும் என்று வேலைநிறுத்தம் நடத்தி உண்ணாவிரதம் இருந்தவரும் அவர்தான். கூலி கேட்பதற்கும் பற்றின்மைக்கும் அவர் பகை பார்க்கவில்லை.

இனி உங்கள் மனசுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் பலன் என்று மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது. பிரித்து வைத்தால்தான் எதைக் கேட்கலாம், எதை விடலாம் என்று தெரியும்.

ஒன்று, செலவில் பங்கு. அதைச் சொல்லிவிட்டேன்.

இரண்டாவது, மாமியாரின் சிரிப்பு. கடிதத்திலேயே வலிக்கிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன். பணத்தைப் பற்றி ஒரு வரியில் எழுதிய நீங்கள் இதற்கு 6 வருடக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். இது பங்கு மாதிரிக் கேட்டு வாங்கக்கூடியது இல்லை. கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில், எந்தக் காரியம் முடிவதற்கும் ஐந்து காரணம் என்று ஒரு கணக்கு வருகிறது. செயல் நடக்கிற இடமான உடம்பு, செய்கிறவர், கருவிகள், பலவிதமான முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். செய்கிறவர் அந்த ஐந்தில் ஒருவர்தான். நான் ஒருத்தியே முழுக் காரணம் என்று நினைக்கிறவருக்குப் பார்வை சரியில்லை என்று அடுத்த ஓரிரு சுலோகத்தில் கண்ணன் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறான். பலனை விடு என்பதற்குக் கீதை தருகிற காரணங்களிலேயே நடைமுறைக்கு மிகவும் ஒத்தது இதுதான் என்பது என் எண்ணம். இதை யாரும் காலண்டரில் போடுவதில்லை.

உங்கள் மாமியாரை வைத்து இதைப் பாருங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு முகத்தில் எந்த உணர்ச்சி எவ்வளவு தெரியும் என்பது அவர் மனம் மட்டும் முடிவு செய்கிற விஷயம் இல்லை, மூளையும் நரம்பும் சேர்ந்து செய்வது. எப்போதாவது வருகிற பிள்ளையைப் பார்த்தால் முகம் மலர்வது எந்த அம்மாவுக்கும் இயல்பு. தினமும் தன் அழுக்கைத் துடைக்கிறவரைப் பார்க்கும்போது ஒரு வயதான பெண்ணுக்கு முதலில் வருவது கூச்சமாகவும் இருக்கலாம். இதில் எதையும் நீங்கள் நன்றாகக் கவனித்துக்கொள்வதால் மாற்ற முடியாது, மோசமாகக் கவனித்துக்கொண்டதால் வந்ததும் இல்லை. அந்தச் சிரிப்பு கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். அதை உங்கள் 6 வருட உழைப்புக்கு மதிப்பெண்ணாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆசைப்படவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆசை இருக்கும். நல்ல வார்த்தைக்கு ஏங்காத மனுஷி யார்? ஏங்குகிறேன் என்று தெரிந்துகொண்டு, அதை அவர் மேல் கடனாக எழுதாமல் இருந்தால் போதும்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். மாமியாரிடம் கிடைக்காத நல்ல வார்த்தையை உங்கள் கணவர் சொல்லலாமே! அவருக்குப் பேச்சு நன்றாகத்தானே வருகிறது. இதை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். "எனக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை, நீங்களாவது சொல்லுங்கள்" என்று கேட்பதில் அவமானம் இல்லை.

மூன்றாவது, புண்ணியம். காசு கேட்டால் போய்விடும், கோபப்பட்டால் போய்விடும் என்று பயப்படுகிறீர்களே, அது. புறநானூற்றில் ஆய் அண்டிரன் என்கிற வள்ளலை முடமோசியார் பாடுகிறார். இந்தப் பிறவியில் செய்தது அடுத்த பிறவிக்கு உதவும் என்று கணக்குப் பார்த்துக் கொடுக்கிற "அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்". அறத்தை விலைக்கு விற்கிற வியாபாரி இல்லை அவன். சான்றோர் போன வழி என்பதால் கொடுக்கிறான், அவ்வளவுதான். பலனை எதிர்பார்க்காதே என்று உங்களுக்குச் சொன்ன பெரியவர், அடுத்த வாக்கியத்திலேயே புண்ணியம் போய்விடும் என்று பயமுறுத்தினார் பார்த்தீர்களா? புண்ணியமும் பலன்தானே? உண்மையில் விட வேண்டியது ஏதாவது இருந்தால் இந்தப் பேரேட்டைத்தான் முதலில் விட வேண்டும். நீங்கள் டயப்பர் மாற்றியதால் அந்த அம்மா அன்று ஈரத்தில் படுக்கவில்லை. அந்தக் காரியம் அங்கேயே முழுமையாகிவிட்டது. அப்போது உங்கள் மனசில் கோபம் இருந்ததா, பக்தி இருந்ததா என்று பார்த்து அது வாபஸ் வாங்கிக்கொள்ளாது.

கோபத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். கையைக் காலைக் கட்டிப்போட்டு உட்கார்ந்துகொண்டு, மனசால் அதையே நினைத்துக்கொண்டிருப்பவனைப் பொய் நடத்தைக்காரன் என்கிறது கீதை, மூன்றாம் அத்தியாயத்தில். ஆகவே கோபம் இல்லாததுபோல் நடிக்காதீர்கள். நியாயமான பங்கு மறுக்கப்படும்போது வருகிற கோபம், மறுக்கப்பட்டதைத் தெரிவிக்கிறது. அதைப் படுக்கையில் இருக்கிறவர் மேல் காட்டக்கூடாது, அவ்வளவுதான் எச்சரிக்கை. கோபம் ஏறின நேரத்தில் ஊட்டாதீர்கள். பத்து நிமிஷம் தள்ளி ஊட்டினால் ஒன்றும் ஆகிவிடாது. அவசரத்தில் ஊட்டினால் புரையேறும், பக்கவாதக்காரர்களுக்கு அது ஆபத்து.

அந்தக் கோபமும் வருவதில்லை, ஒன்றும் தோன்றுவதில்லை, இதுதான் பற்றற்ற நிலையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். சாத்விகமாகச் செயல்படுகிறவர் எப்படி இருப்பார் என்று கீதை 18-ஆம் அத்தியாயம் 26-ஆவது சுலோகத்தில் சொல்கிறது: பற்று விட்டவர், நான் நான் என்று பேசாதவர், உறுதியும் உற்சாகமும் உள்ளவர், வெற்றி தோல்வியில் கலங்காதவர். உற்சாகம் என்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது, கவனியுங்கள். பற்று விட்டவருக்கு உற்சாகம் போகாது. மகளுக்குப் பிரசவம் என்று எழுதும்போதுகூட உங்கள் வரியில் ஒரு மகிழ்ச்சி இல்லை. ராத்திரி முழுக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்காமல் வருஷக்கணக்கில் இருந்தால் யாருக்கும் மனசு மரத்துப்போகும். அதற்கு ஞானம் என்று பெயர் வைத்தால், வைத்தியம் பார்க்க வேண்டியதைக் கும்பிட்டுக்கொண்டிருப்போம்.

எதிலும் பிடிப்பில்லாமை, பசி தூக்கத்தில் மாற்றம், எதற்காக எழுந்திருக்கிறோம் என்ற எண்ணம், இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். மனச்சோர்வு நோயாக இருக்கலாம், தைராய்டோ ரத்தசோகையோகூட இருக்கலாம். 51 வயதில் மாதவிடாய் நிற்கிற காலமும் சேர்ந்துகொள்ளும். வெளியே போக முடியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசு நடத்துவது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். மாமியாருக்கு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் கொடுப்பார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இந்த வாரமே கொடுங்கள்.

இரவு வேலையைக் கணவரோடு பிரித்துக்கொள்ளுங்கள். நடுராத்திரிக்கு முன் அவர், பின் நீங்கள், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள். அவருக்கு வராது, தெரியாது என்பார்கள். படுக்கையில் இருப்பது அவரைப் பெற்ற அம்மா. உங்களுக்கும் 6 வருடத்துக்கு முன்னால் தெரியாதுதான்.

மூத்தாரிடம் பேசுவதற்கு முன் மூன்று மாதச் செலவை ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதுங்கள். டயப்பர், மருந்து, டாக்டர், ஆட்டோ, கூடுதல் கரண்ட் பில் உட்பட. பேச வேண்டியவர் உங்கள் கணவர்; நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். "நாங்கள் இத்தனை வருஷம் செய்தோம், நீங்கள் என்ன செய்தீர்கள்" என்று ஆரம்பிக்க வேண்டாம். "அம்மாவுக்கு மாதம் இவ்வளவு ஆகிறது, இதில் உங்கள் பாதி இவ்வளவு, ஒன்றாம் தேதி அனுப்பிவிடுங்கள்" என்றால் போதும். நாத்தனார் இருந்தால் அவரிடமும் சொல்லலாம். கொடுக்க மாட்டேன் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 2007-ஆம் வருடத்து பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி உங்கள் மாமியாரோ, அவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்தவரோ, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். அந்தச் சட்டம் பராமரிக்க வேண்டியவர்கள் என்று சொல்வது மகன், மகள், பேரன், பேத்தியை. மருமகள் என்ற சொல் அதில் இல்லை. உடனே மனுப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அண்ணன் தம்பிக்குள் அது கடைசியாகப் போகிற இடம். ஆனால் உங்கள் கணவருக்கு இந்த விவரம் தெரிந்திருப்பது நல்லது.

கோயம்புத்தூருக்குப் போங்கள். மகளும் உங்கள் கடமைதான், தலைப்பிரசவமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மாமியாருக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கும்போது அவரைப் பார்த்துக்கொள்ள உங்களால் மட்டும்தான் முடியும் என்று நினைப்பதில் கொஞ்சம் 'நான்' என்கிற எண்ணம் இருக்கிறது. மன்னிக்க வேண்டும், இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த ஒரு மாதம் மூத்தார் அம்மாவைச் சென்னைக்கு அழைத்துப் போகலாம். பயணம் முடியாது என்று டாக்டர் சொன்னால், மூத்தாரோ ஓரகத்தியோ வந்து உங்கள் வீட்டில் இருக்கலாம், அல்லது பகலுக்கு ஓர் ஆள் வைத்து அந்தச் சம்பளத்தை அவர் கொடுக்கலாம். எது என்று அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். தேதியை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். ஆடி முடிவதற்குள் சொல்லிவிட்டால் லீவு கிடைக்கவில்லை என்று அவர் சொல்ல முடியாது.

போவதற்கு ஒரு வாரம் முன்னால் பார்த்துக்கொள்ளப் போகிறவரைக் கூட வைத்து எல்லாவற்றையும் செய்து காட்டுங்கள். புரட்டுகிற நேரம், ஊட்டும்போது தலையணை எவ்வளவு உயரம், எந்த மாத்திரையைப் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக்கூடாது, இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்தால் யாரைக் கூப்பிடுவது என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அங்கே போன பிறகு நீங்கள் செய்கிற மாதிரியே நடக்கிறதா என்று மணிக்கொரு தரம் போன் போடாதீர்கள். அவர்கள் செய்வது கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். சாயந்திரம் ஒருதரம் கேட்டால் போதும்.